மாடி வீட்டு ஒத்திப் பணம்

பூசான்
14 செப்டம்பர் 2022

ஆலோசகர் நம்குங் ஹோ அவர்களுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் கருவாட்டுச் சந்தை வியாபாரிகள் சங்கத்தில் நீங்கள் ஓய்வுக்காலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். முடிந்ததும் எல்லோரும் இலவசத் துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் துண்டோடு உங்கள் அட்டையையும் வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் பியோ டொக்சுன். வயது அறுபத்தாறு. கிழக்கு வாசலில் நெத்திலிக் கடை. தலைச்சுமையில் தொடங்கி, இன்று மூன்று பெரிய ஓட்டல்களுக்குக் குழம்பு நெத்திலி என் கடையிலிருந்துதான் போகிறது. கணவர் போய்ப் பல வருடமாகிறது. ஒரே மகன் கிபோம், மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. வசந்தத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் செரின், துறைமுகத்தில் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள்.

அட்டையில் போன் நம்பர் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம். போனில் சொன்னதை நம்பி ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன், "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" என்று அந்த ஆள் கூசாமல் கேட்டான். நீங்கள் சொல்வதைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி அனுப்புங்கள்.

விஷயம் இதுதான். சந்தைக் கூட்டுறவு வங்கியில் இருபது கோடி வொன் வைத்திருக்கிறேன். அதில் பதினைந்து கோடியை மகனின் கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்த்துக் கொடுப்பது வழக்கம், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் ஐந்து கோடி, அரசு ஓய்வூதியம், இந்தக் கட்டடம். இதை வைத்துக்கொண்டு நான் எப்போது கடையை விடலாம்? இரண்டு முழங்காலும் போய்விட்டன. டாக்டர் அறுவை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு நிற்கவே கூடாது என்கிறார். கடைசி நாள் வரை மகன் கையை எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும். என் கேள்வி அவ்வளவுதான்.

கூலி எவ்வளவு என்று எழுதுங்கள். எழுதும்போதே நான் பேரம் பேசுவேன் என்பதை நினைவில் வையுங்கள்.

பியோ டொக்சுன்


டேஜொன்
20 செப்டம்பர் 2022

முதலாளி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கடிதத்தில் ஆலோசனை கேட்பவர் எனக்கு நீங்கள்தான் முதல் ஆள். முத்திரை செய்யக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஐந்து லட்சம் வொன். நான் எந்த வங்கியின் திட்டத்தையும் காப்பீட்டையும் விற்பதில்லை. எனக்கு வருமானம் இது ஒன்றுதான். ஆகவே குறைக்க இயலாது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதில் எழுதுமுன் சில விவரங்கள் வேண்டும். மாதம் எவ்வளவு செலவாகிறது? ஓய்வூதியம் எவ்வளவு? கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஒப்பந்தத்தில்? அந்த இருபது கோடி எப்படிச் சேர்ந்தது?

இன்னொன்று. இது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். கடையை விட்ட மறுநாள் காலை எழுந்து என்ன செய்வீர்கள்?

பணிவுடன்,
நம்குங் ஹோ


பூசான்
28 செப்டம்பர் 2022

ஆலோசகர் ஐயா,

நான்கு லட்சம் அனுப்பியிருக்கிறேன். மிச்ச ஒரு லட்சத்துக்கு ஒரு பெட்டி நெத்திலி வருகிறது. முதல் தரம், தெற்குக் கடல் பிடிப்பு. உங்கள் ஊர்க் கடையில் இந்தச் சரக்கு ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து கிடைக்காது. லாபம் உங்களுக்குத்தான்.

செலவு மாதம் பதினேழு லட்சம். ஓய்வூதியம் நான்கு லட்சம். சந்தைக்காரிக்கு அரசாங்கம் அவ்வளவுதான் தரும். நானும் அந்தக் காலத்தில் கட்டாமல் டிமிக்கி கொடுத்திருக்கிறேன்.

கட்டடத்தில் கீழே கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறையில் நான். மாடியில் மேங் என்று ஒரு பையன், கப்பல் பட்டறையில் வெல்டர், மனைவியோடு இருக்கிறான். ஒத்திக்கு விட்டிருக்கிறேன். பன்னிரண்டு கோடி மொத்தமாகக் கொடுத்தான், மாத வாடகை கிடையாது, இரண்டு வருட ஒப்பந்தம், வரும் மார்ச் கடைசியில் முடிகிறது. அந்தப் பன்னிரண்டும் என் எட்டும் சேர்ந்ததுதான் இருபது.

(ஒரு கிழவர் வந்து பெட்டி பெட்டியாக முகர்ந்து பார்க்கிறார். "போன வாரம் பதினெட்டாயிரம்னுதானே சொன்னே?" என்கிறார். "போன வாரம் இதுக்கு வயசு கம்மி தாத்தா"ன்னேன். இருபதுக்கு வாங்கிக்கொண்டு போகிறார்.)

மறுநாள் காலை எழுந்து என்ன செய்வேன் என்றா கேட்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கும் சேர்த்தா ஐந்து லட்சம்? எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடை மூடினால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது. அதை நீங்கள் விட்டுவிடுங்கள், கணக்கை மட்டும் பாருங்கள்.

டொக்சுன்


டேஜொன்
6 அக்டோபர் 2022

முதலாளி அம்மா அவர்களுக்கு,

முதலில் நெத்திலி. வாடிக்கையாளர்களிடம் பொருளாக எதையும் வாங்குவதில்லை என்பது என் விதி. திருப்பி அனுப்பலாம் என்று பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு அலுவலகம் போனேன். மாலை வந்து பார்த்தால், எங்களோடு இருக்கும் என் மாமியார் முழுப் பெட்டிக்கும் தலை கிள்ளிக் குடல் எடுத்து முடித்திருந்தார். "யாரு அனுப்புனாங்க? நல்ல மனுஷி"ன்னார். ஆகவே ஐந்து லட்சமும் வரவானதாக எழுதிக்கொள்கிறேன்.

இரண்டாவது விஷயத்தை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். தங்களிடம் இருபது கோடி இல்லை. எட்டுக் கோடிதான் இருக்கிறது. பன்னிரண்டு, மேங் அவர்களின் பணம். அவர் வெளியேறும் நாளில் அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து வருபவர் தருவதை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பீர்கள். நம் நாட்டில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒத்தித் தொகை ஏறிக்கொண்டே இருந்தவரை அது நடந்தது. கோடையிலிருந்து வட்டி ஏறுகிறது, ஒத்தி இறங்குகிறது. மார்ச்சில் தங்கள் மாடிக்குப் பன்னிரண்டு கோடி தர ஆள் வருவார் என்று என்னால் முத்திரை குத்தித் தர முடியாது.

என் கணக்கு இது. மேங் பணத்தைத் தொடாதீர்கள். அவர் போகும்போது கொடுத்துவிட்டு, மாடியை மாத வாடகைக்கு விடுங்கள்: ஐந்து லட்சம் வரும். அறுவைக்குப் பிறகு கடையையும் வாடகைக்கு விட்டால் எட்டு லட்சம். ஓய்வூதியம் நான்கு. மொத்தம் பதினேழு, தங்கள் மாதச் செலவு அவ்வளவுதான். எட்டுக் கோடி நோய்நொடிக்கு. இப்படிச் செய்தால் அடுத்த வருடமே கடையை விடலாம்.

மகனுக்குப் பதினைந்து கொடுத்தால் எந்த வருடமும் விட முடியாது. தயவுசெய்து பெண் வீட்டாரிடம் இன்னும் எந்தத் தொகையும் சொல்லாதீர்கள்.

நம்குங் ஹோ
(முத்திரை வந்துவிட்டது. கீழே குத்தியிருக்கிறேன்.)


பூசான்
24 அக்டோபர் 2022

ஆலோசகர் ஐயா,

சொல்லிவிட்டேன்.

சென்ற சனிக்கிழமை இரண்டு வீட்டாரும் சந்தித்துச் சாப்பிட்டோம். பெண்ணின் அம்மா முத்து மாலை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாடு தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருந்தது, யாருக்கும் வாயில் இறங்கவில்லை. பிறகு அந்த அம்மா பட்டும் படாமலும் சொன்னாள்: "சாமான் சட்டு, கட்டில், பீரோ எல்லாம் நாங்க குறையில்லாம செஞ்சுருவோம். வீடு விஷயம்தான்... உங்க தொழில் எப்படிப் போகுதோ என்னவோ."

எப்படிப் போகுதோவா! அந்தத் தொனியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கருவாட்டு வாடை வருகிறதோ என்று மூக்கைப் பொத்துகிற தொனி. "பதினஞ்சு கோடி குடுக்கறேங்க"ன்னு சொல்லிவிட்டேன். மேஜைக்கு அடியில் கிபோம் என் காலை மிதித்தான். அதுவும் கெட்டுப்போன கால். செரின் மட்டும் தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

இப்போது உங்களுக்கு. என் கையில் இருக்கும் பணம் என் பணம் இல்லை என்று சொல்ல ஐந்து லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். முப்பது வருடமாக மாடியை ஒத்திக்கு விடுகிறேன். ஒருவன் போவான், ஒருவன் வருவான், வருகிறவன் கூடத்தான் கொடுப்பான். என் பக்கத்துக் கடற்பாசிக் கடைக்காரி மூன்று வீடு அப்படித்தான் வாங்கினாள். அவள் பைத்தியமா? நீங்கள் படித்தது புத்தகம். நான் தினமும் விலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள். இறங்கினது ஏறும்.

பதினைந்தைக் கொடுத்துவிட்டு நான் எப்படிப் பிழைப்பது என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள். அதற்குத்தான் காசு கொடுத்தேன்.

டொக்சுன்


டேஜொன்
29 அக்டோபர் 2022

முதலாளி அம்மா அவர்களுக்கு,

அந்தக் கணக்கை நான் போட மாட்டேன். போட்டால் அது பொய்க் கணக்கு, அதன் அடியில் என் முத்திரை இருக்கும்.

இரண்டரை லட்சத்தை இன்று திருப்பி அனுப்பிவிட்டேன். மீதி, செய்த வேலைக்கு. மன்னிக்கவும்.

நம்குங் ஹோ


பூசான்
9 ஜனவரி 2023

நம்குங் தம்பிக்கு,

வருடம் பிறந்து இதுதான் முதல் கடிதம். நீங்கள் அனுப்பிய இரண்டரை லட்சத்தை நான் தொடவில்லை. கோபத்தில் திருப்பி அனுப்ப மூன்று தடவை தபால் நிலையம் வரை போனேன். மூன்று தடவையும் வரிசை நீளமாக இருந்தது.

மேங் வந்தான். இரண்டு கையிலும் பேரிக்காய்ப் பெட்டி. பழத்தைப் பார்த்ததுமே ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. "அம்மா, மார்ச்சோட காலி பண்றோம். வீட்ல அவளுக்கு ஆறு மாசம். அவ அம்மா வீட்டுப் பக்கம் வீடு பாத்து முன்பணமும் கட்டியாச்சு"ன்னான். "அதுக்குள்ள என்னடா அவசரம்?"னு கேட்டேன். "குழந்தை காத்துக்கிட்டு இருக்காதே அம்மா"ன்னான். அவனோடு சண்டை போடக்கூட வழியில்லை.

உடனே வீட்டுத் தரகரிடம் போனேன். பன்னிரண்டு என்றேன். அவன் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. "ஏழு சொல்லுங்க, ரெண்டு பேர் வந்து பாப்பாங்க. பன்னண்டுன்னு ஒட்டி வெச்சா என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க." தெருவில் இன்னும் நாலு தரகர்களைப் பார்த்தேன். ஒருவன் ஆறரை என்றான். அவனிடம் நான் ஏன் போனேன்?

கடற்பாசிக் கடைக்காரி சொல்கிறாள்: "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் அவனை உக்கார வை. பணம் எங்க போயிரும்? எல்லாரும் அதானே பண்றாங்க." அவள் வீட்டில் ஒருத்தன் எட்டு மாதமாக அப்படி உட்கார்ந்திருக்கிறான். நானும் அப்படிச் செய்யலாமா என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே மாடியில் அந்தப் பெண் நடக்கிற சத்தம் கேட்கிறது. பாதத்தை மெதுவாக வைத்து நடக்கிறாள். இப்போதெல்லாம் எடைத் தட்டில் சரக்கை அள்ளிப் போட்டுவிட்டு எவ்வளவு என்று பார்க்க மறந்துபோகிறேன். நேற்று ஓட்டல்காரனுக்கு ஒரு மூட்டை கூடப் போய்விட்டது.

கிபோம் வீடு பார்த்துவிட்டான். மார்ச்சில் பதினைந்து கொடுக்க வேண்டும். மார்ச்சில் மேங்குக்குப் பன்னிரண்டு கொடுக்க வேண்டும். கையில் இருப்பது இருபது. இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே கூட்டினேன். கூட்டியதால்தான் கோபம் வந்தது.

இரண்டரை லட்சம் இன்று உங்கள் கணக்குக்கு வந்துவிடும். பதில் எழுதுங்கள்.

டொக்சுன்


டேஜொன்
13 ஜனவரி 2023

முதலாளி அம்மா,

பணம் வந்தது. எழுதாமல் இருந்த இரண்டரை மாதம் எனக்கும் நன்றாக இல்லை. அனுப்பாத ஒரு கடிதம் என் மேஜையில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மேங்கை உட்கார வைக்காதீர்கள். நீதிமன்றம் போனால் வட்டியோடு கொடுக்க வேண்டிவரும். அதைவிட, ஒத்தியைத் திருப்பித் தராத வீடு என்று தரகர்களிடையே பெயர் வந்தால் அப்புறம் மாடிக்கு ஆளே வராது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பன்னிரண்டையும் முழுசாகக் கொடுங்கள். ஏழு கோடிக்கு இன்னொருவரை ஒத்திக்கு வைக்காதீர்கள். இரண்டு வருடத்தில் இதே கடிதத்தை மறுபடியும் எனக்கு எழுதுவீர்கள். மாத வாடகைக்கு விடுங்கள். எட்டுக் கோடியை அசைக்காதீர்கள். முழங்காலுக்கு நாள் வாங்குங்கள்.

மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லுமுன் அவரிடம்.

இதுவரை எழுதியது ஆலோசகர். இதற்கு மேல் எழுதலாமா என்று தயங்கினேன். மாமியார் தோள் வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் தன் வீட்டை விற்று மகனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர். மகன் நல்லவன்தான், மாதம் ஒரு தடவை போன் செய்கிறான். அவர் இருப்பது எங்களோடு. "என்ன மாப்ள தயங்குறே? உன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, குளிக்கறதுக்குக்கூட உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போறேன். அதை எழுது. அந்தக் கடைக்காரிக்குப் புரியும்" என்கிறார். நாங்கள் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் அவர் சொல்வது உண்மை. எழுதிவிட்டேன்.

நம்குங் ஹோ


பூசான்
2 பிப்ரவரி 2023

நம்குங் தம்பிக்கு,

உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், புரிந்தது.

கிபோமை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். என்னிடம் பதினைந்து இல்லை, எட்டு இருக்கிறது, அதையும் தர மாட்டேன் என்று.  "அன்னிக்கு ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றான் அவன். "அந்த முத்து மாலையப் பாத்துட்டுச் சொன்னேன்டா" என்றேன். எழுந்து போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை. திறந்து போட்டுவிட்டுப் போனான். அதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு வாரம் அவன் போன் இல்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தேன்.

நேற்று மத்தியானம் செரின் வந்தாள். தனியாக. அலுவலக உடுப்போடு, கையில் ஒன்றும் இல்லாமல். வந்ததும் கேட்டாள்:

"அத்தை, மாடி வீட்டுக்கு என்ன வாடகை சொல்றீங்க?"

"யாருக்கும்மா?"

"எங்களுக்குத்தான்."

நான் நெத்திலி அள்ளும் கரண்டியைக் கீழே வைத்தேன். "மகன்கிட்ட வாடகை வாங்குன அம்மான்னு இந்தச் சந்தை முழுக்கச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்க யாராவது உங்க முழங்கால் செலவக் குடுப்பாங்களா? சும்மா குடுத்தீங்கன்னா நாங்க வர மாட்டோம் அத்தை. சும்மா இருந்தா நீங்க நெனச்ச நேரத்துக்கு மாடி ஏறி வந்து குளிர்பெட்டியத் திறந்து பாப்பீங்க."

"இந்தக் காலோட நான் எங்க மாடி ஏறப் போறேன்?"

"அறுவைக்கு அப்புறம் ஏறுவீங்கல்ல."

தம்பி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், பேரத்தில் சிரிக்கக் கூடாது. "உங்க அம்மா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"அவங்ககிட்ட சொல்லியாச்சு. ரெண்டு நாள் பேசல. அப்புறம் அழுதாங்க. எங்க அக்கா கல்யாணத்துக்கே எங்க மாடி வீட்டு ஒத்திப் பணத்தைத்தான் எடுத்தாங்களாம். அங்க குடியிருக்கிற ஆளுக்கு இன்னும் திருப்பிக் குடுக்கல. அன்னிக்குப் போட்டிருந்த மாலை கூட சித்தியோடது."

அந்த அம்மாவை எண்ணி நான் எத்தனை நாள் தூங்காமல் புரண்டேன்! அவளும் என்னை எண்ணிப் புரண்டிருப்பாள் போலிருக்கிறது.

பிறகு பேரம். நான் ஆறு லட்சம் என்றேன். அவள் நான்கு என்றாள். தெருவில் என்ன போகிறது என்று மூன்று தரகர்களிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். குளியலறை ஓடு உடைந்திருக்கிறது, ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடை ஏறுகிறது, அதற்குத் தள்ளுபடி என்றாள். "வாடைக்குத் தள்ளுபடியா? அந்த வாடையிலதான்டி உன் புருஷன் படிச்சான்" என்றேன். "அதான் அவர் சட்டை இன்னும் மணக்குது" என்றாள். சாயங்காலம் கிபோம் வந்தான். எதுவும் பேசாமல் குளியலறை ஓட்டை அளந்துகொண்டு போனான். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

கல்யாணத்துக்கு நான் இரண்டு கோடி தருகிறேன், திருப்பித் தர வேண்டாம். எட்டு ஆறாகிறது. அசைக்காதே என்று எழுதியிருந்தீர்கள், தெரியும். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். இதில் கோபித்துக்கொண்டு மறுபடியும் பாதிப் பணத்தை அனுப்பாதீர்கள். ஜூன் முதல் வாரம் இடது முழங்கால், செப்டம்பரில் வலது. கடையை ஜூன் முதல் தேதியிலிருந்து கடற்பாசிக் கடைக்காரியின் தம்பிக்கு மாதம் எட்டு லட்சத்துக்கு விடுகிறேன். அது முடிந்தது. மறுநாள் காலை என்ன செய்வேன் என்பது இன்னும் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

மாடி வீட்டு ஒப்பந்தத்தை நீங்கள் முறையாக எழுதி, முத்திரை குத்தி, இரண்டு படி அனுப்ப வேண்டும். செரின் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்ப்பாள், கவனமாக எழுதுங்கள். பேசி முடித்தது இது:

குடியிருப்போர் டோ கிபோம், ஆன் செரின். ஏப்ரல் பத்தாம் தேதி முதல் இரண்டு ஆண்டு. வைப்புத்தொகை மூன்று கோடி வொன், அவர்கள் சேமிப்பிலிருந்து. அது தனிக் கணக்கில் இருக்கும், வீட்டுக்காரி தொடக் கூடாது. மாத வாடகை நான்கு லட்சத்து எழுபதாயிரம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி. ஓட்டின் விலை வீட்டுக்காரியுடையது, பதிக்கும் வேலை கிபோமுடையது. புதுப்பிக்கும்போது வாடகை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறாது. வீட்டுக்காரி மாடிக்கு வருமுன் போன் செய்ய வேண்டும். பேரக்குழந்தை பிறந்து அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அதற்குக் கூலி தனி: மாதம் ஆறு லட்சம், ஞாயிறு விடுமுறை.